மனை எண் இல்லாத மெம்பர்

எங்கள் நகரில் மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் மனைகள். மனை வைத்திருக்கும் எல்லோரும் சங்க விதிகளின்படி உறுப்பினர்கள். ஆனால் ஊர் முழுக்க ‘மெம்பர் சார்’ என்று கூப்பிட்ட ஒரே ஒரு ஆளுக்கு மனையும் கிடையாது, உறுப்பினர் அட்டையும் கிடையாது. அவரைவிட அந்தச் சங்கத்தைத் தெரிந்தவன் இன்னும் பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் அவரிடம் ட்ரெயினிங் எடுத்துக்கொண்டால்தான் தேறுவான்.

நகரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னும் வீடு இருக்கிறது, தண்ணீர்க் குழாயும் இருக்கிறது. வண்டலூர் தாண்டி, கூடுவாஞ்சேரிக்கு முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் நான் அங்கே வீடு கட்டிக்கொண்டு போனேன். ப்ரமோட்டர் கொடுத்த கலர் நோட்டீஸில் பூங்கா, கம்யூனிட்டி ஹால், ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் எல்லாம் இருந்தன. நேரில் ஓர் ஆர்ச் இருந்தது. ஆர்ச்சுக்குள்ளே முள்செடிகளும், ஒன்றையொன்று தெரியாத மாதிரி தள்ளித் தள்ளி நின்ற வீடுகளும் இருந்தன. காற்று இந்தப் பக்கம் அடித்தால் விடியற்காலையில் ஜூவிலிருந்து சிங்கம் கத்துவது கேட்கும். இதை ப்ரமோட்டர் நோட்டீஸில் போடாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

எங்கள் சங்கத்தில் தேர்தல் நடக்கும் முறையே தனி. வருடாந்தரப் பொதுக்குழுவுக்கு யார் வரவில்லையோ, அவரை நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். வந்தவன் எழுந்து நின்று ‘எனக்கு சுகர்’, ‘எனக்கு நைட் ஷிஃப்ட்’, ‘எனக்கு மாமியார்’ என்று ஏதாவது காரணம் சொல்வான். வராதவனால் சொல்ல முடியாதல்லவா? இந்த ரகசியம் தெரிந்த பழைய ஆட்கள், காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். பொதுக்குழுவுக்கு அப்படி ஒரு கூட்டம் வரும். பார்க்கிற வெளியூர்க்காரர்கள் எங்களுடைய ஜனநாயக ஆர்வத்தைப் பார்த்து மெய்சிலிர்த்துப் போவார்கள்.

புதிதாகக் குடிவந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளத் தாம்பரம் போயிருந்தேன். வாய் நிறையப் பஞ்சோடு திரும்பி வந்தபோது இணைச் செயலாளர் ஆகியிருந்தேன். மறுப்புச் சொல்ல வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால், வெள்ளை அரைக்கைச் சட்டையும் கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்ட பேன்ட்டுமாக ஒல்லியாக ஒருவர் நின்றார். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. கையில் பச்சை பார்டர் போட்ட துண்டு.

“வணக்கம். இணைச் செயலாளர் அவர்களை சங்கத்தின் சார்பில் வருக வருகன்னு வரவேற்கிறேன்” என்று சொல்லி, துண்டை என் தோளில் போர்த்தினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் மனைவி கேமராவை எடுத்துக்கொண்டு வருவதற்குள், துண்டை உருவி நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“தப்பா நெனைக்காதீங்க சார், இது சங்கச் சொத்து. மூணாவது தெருவுல இன்னொருத்தர் இருக்கார், அவருக்கும் போடணும். செருப்பு மாட்டுங்க. சிங்கம் கத்திடுச்சு, கிளம்பலாம்.”

“யாருங்க அவரு? சிங்கம்ங்கறாரு, கிளம்புங்கறாரு?” என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்குள் நான் அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டால் அப்படித்தான், கால் தானாகப் போகும்.

புது நிர்வாகிகளுக்கு அவர் வைத்திருந்த பாடத்திட்டத்தில் மூன்று பகுதிகள். முதல் பகுதி நகர்வலம். பதினோரு தெருவையும் நடந்தே சுற்ற வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் எந்தக் கல்லுக்குக் கீழே தண்ணீர் வால்வு இருக்கிறது, எந்த விளக்குக் கம்பத்தில் கை வைக்கக் கூடாது, எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும் என்று ஒன்று விடாமல் சொல்வார். வால்வை மூடித் திறந்து காட்டுவார். நாயைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்.

நாய்களோடு நிற்காமல் மனிதர்களுக்கும் குறிப்பு உண்டு. “இந்த மஞ்சக் கேட்டைத் தாண்டும்போது செல்போன காதுல வச்சுக்கங்க சார். யாரும் பேசலேன்னாலும் பேசுங்க. இல்லேன்னா அந்தம்மா லைட் எரியலைன்னு நிறுத்திடுவாங்க. எரியும் சார். பகல்ல எரியலைன்னு சொல்வாங்க.”

புகார் சொல்பவர்களுக்கு நிர்வாகி சொல்ல வேண்டிய பதில்கள் மூன்றுதான் என்பது அவருடைய கொள்கை. ‘பார்க்கிறேன்.’ ‘போன மீட்டிங்லயே பேசினோம்.’ ‘எழுதிக் குடுங்க.’ இதில் மூன்றாவதைக் கடைசி நேரத்தில்தான் எடுக்க வேண்டும் என்பார். எழுதிக் கொடுக்கச் சொன்னால் பேனா தேடப் போகிற ஆள் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லையாம்.

ஐந்தாவது தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, மரியாதைக்காக நான்தான் கேட்டேன். “உங்க ப்ளாட் எது சார்?”

ஒரு வீட்டின் மாடியைக் காட்டினார். “அந்த மாடி போர்ஷன்ல குடியிருக்கேன். ஓனர் மஸ்கட்ல இருக்கார். மனை வாங்கலாம்னுதான் சார் இந்தப் பக்கம் வந்தேன். முடியல. விதி நாலு சொல்லுது, மனை உள்ளவர்தான் உறுப்பினர்னு. விதிய நாமளே மீறக்கூடாது இல்லையா? ஆனா மீட்டிங்ல ஓரமா உட்கார விடறாங்க பாருங்க, அது போதும் எனக்கு. அது மட்டும் இருந்தா போதும்.” சொல்லிக்கொண்டே குனிந்து ஒரு கல்லைப் புரட்டினார். “இது ஏழாவது வால்வு. இடப்பக்கம் திருப்பினா மூடும். மத்ததெல்லாம் வலப்பக்கம்.”

பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் பம்ப் ரூமை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் ஒன்று உண்டு. அதுதான் எங்கள் செயற்குழு மண்டபம். உள்ளே நிர்வாகிகள் ஒன்பது பேருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசற்படியை ஒட்டி, பாதி உள்ளே பாதி வெளியே, அவருடைய ஸ்டூல். நாற்காலி உறுப்பினருக்கு என்று விதியில் இருக்கிறது, ஸ்டூலைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை என்று அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் ஆளாக வந்து ஷெட்டைப் பெருக்கி, நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டு, கடைசியாகத் தன் ஸ்டூலில் போய் உட்காருவார்.

முப்பது வருடத்துக்கு மேல் பாரிமுனைப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியின் பயிற்சிப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்கு அங்கே வகுப்பு நடக்கும். வகுப்பு எடுப்பவருக்கு மைக், கேட்பவருக்கு நோட்டு, இருவருக்கும் டீ. இந்த மூன்றையும் சரியாகக் கொண்டுபோய் வைப்பது இவர் வேலை. வைத்துவிட்டுக் கதவோரமாக நின்று எல்லா வகுப்பையும் கேட்டிருக்கிறார். யாரும் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. ரிட்டயர் ஆனபோது, சொல்லிக்கொடுக்க அவரிடம் முப்பது வருடச் சரக்கு இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறை ஒன்பது அப்பாவிகளைப் பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தது.

பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் மெம்பர் என்றால் பஞ்சாயத்து வார்டு மெம்பர் என்று நினைத்துக்கொண்டு, ரேஷன் கார்டுக்கு இவரிடம் வந்து நிற்பார்கள். “நான் அந்த மெம்பர் இல்லம்மா” என்பார். “அப்ப நீ எந்த மெம்பரு?” என்று கேட்பார்கள். அவர் மனுவை வாங்கிக்கொண்டு, வெயிலில் நடந்து போய்ப் பஞ்சாயத்து ஆபீசில் கொடுத்துவிட்டு வருவார்.

இரண்டாவது பகுதி, செய்முறைப் பயிற்சி. நான்காம் நாள் காலையில் ஏழாவது தெரு முனையில் என்னை நிறுத்தினார்.

“இப்ப நான் மெம்பர் சார் இல்ல. தண்ணி வராத வீட்டுக்காரன். கத்துவேன். நீங்க கோபப்படாம பதில் சொல்லணும். ரெடியா?”

“ரெடி சார்.”

அடுத்த கணம் அந்தச் சாதுவான மனிதரைக் காணவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “யோவ்! என்னய்யா சங்கம் நடத்துறீங்க? சொட்டுத் தண்ணி வரல! பல்லு புடுங்க நேரம் இருக்கு, பைப்ப வந்து பார்க்க நேரமில்லையா உனக்கு?” என்று ஒரு சத்தம் போட்டார். காக்கைகள் பறந்தன.

“பார்க்கிறேன் சார்” என்றேன், பாடத்தில் இருந்தபடி.

“எதைப் பார்ப்ப? வந்து என் பக்கெட்டப் பாரு!”

எதிர்வீட்டு மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. “கரெக்டா கேட்டீங்க மெம்பர் சார்! எங்களுக்கும் நேத்துலேருந்து வரல!” என்றார் ஓர் அம்மாள். பக்கத்து வீட்டுக்காரர் வாயில் பேஸ்ட் நுரையோடு வெளியே வந்து, “விழாதீங்க சார், இன்னிக்கு முழிவு தெழியணும்” என்றார். குடத்தோடு இருவர், பால் பாத்திரத்தோடு ஒருவர், காரணம் தெரியாமலே கோபமாக ஒருவர் என்று ஐந்து நிமிடத்தில் தெருவே கூடிவிட்டது. கூட்டத்துக்குப் பின்னால் ஒரு தண்ணி லாரி வந்து மாட்டிக்கொண்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“இன்னா சார், காலங்காத்தால பேஜாரு பண்ணிகினு கீறீங்க? தண்ணி வரல தண்ணி வரலன்னு கூவிக்கினு, தண்ணி லாரிக்கே வழி வுடமாட்றீங்க! நவுருங்க சார்!”

நான் ‘போன மீட்டிங்லயே பேசினோம்’ என்றபடி பின்வாங்கினேன். அதுவரை நான் ஒரு மீட்டிங்குக்கும் போனதில்லை என்பது கூட்டத்தில் யாருக்கோ நினைவு வந்துவிட்டது. இன்னும் இரண்டு அடி பின்வாங்கியதில் ஒரு செருப்பு சாக்கடைக்குள் போனது.

சட்டென்று மெம்பர் சார் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். “போதும் சார். நல்லாவே பண்ணீங்க. ‘எழுதிக் குடுங்க’ன்னு கொஞ்சம் முன்னாலயே சொல்லியிருக்கலாம். பின்வாங்கறப்ப பின்னால என்ன இருக்குன்னு பார்த்துக்கணும்.” கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, “ஒண்ணுமில்லம்மா, ட்ரெயினிங். எல்லாரும் போகலாம்” என்றார்.

“ட்ரெயினிங்கா? எங்களுக்கு நெஜமாவே தண்ணி வரலைங்க” என்றார்கள்.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஓடிப்போய்க் கல்லைப் புரட்டிப் பார்த்தார். முந்தின நாள் எனக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக மூடிய வால்வைத் திறக்காமலே விட்டிருந்தார். திறந்துவிட்டு, நோட்டை எடுத்து, ‘பயிற்சியாளர் கவனத்துக்கு’ என்று தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார்.

மூன்றாவது பகுதிதான் முக்கியமானது. மௌனம். புது நிர்வாகி முதல் மூன்று கூட்டங்களில் பேசவே கூடாது. தலையை மட்டும் ஆட்டலாம். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்.

“வேகமா ஆட்டினா அவசரக்காரன்னு நெனைப்பாங்க. ஒரு தடவையோட நிறுத்தினா கர்வம்னு நெனைப்பாங்க. மெதுவா ரெண்டு தடவை. தாடை நெஞ்சுல இடிக்கக்கூடாது, பாதியில நிக்கணும். எங்க, ஆட்டுங்க பார்ப்போம்.”

நான் வீட்டுக் கண்ணாடி முன் நின்று ஆட்டிப் பழகினேன். “நான் சொல்றதுக்கு என்னிக்காவது இப்படி ஆட்டியிருக்கீங்களா?” என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கும் இரண்டு தடவை ஆட்டினேன்.

இதில் ஆபத்தும் இல்லாமலில்லை. இரண்டாவது தெரு வங்கி அதிகாரி ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார். தலை இரண்டு தடவை இறங்கிப் பாதியில் நின்றது. விழித்துப் பார்த்தபோது நாய்த் தொல்லைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று கூட்டம் பேசாமல் இருந்து பழகிவிட்டால் அப்புறம் யாருக்கும் பேசத் தோன்றாது. எங்கள் கூட்டங்கள் முக்கால் மணி நேரத்தில் முடிந்தன. பக்கத்து நகரில் சங்கம் இரண்டாக உடைந்து, ஒரே ஆர்ச்சில் இரண்டு சங்கமும் போர்டு மாட்டி, எந்தச் சங்கத்தின் குப்பையை எந்தச் சங்கம் அள்ளுவது என்று போலீஸ் வரை போனார்கள். நாங்கள் தலையை ஆட்டி ஆட்டியே தார் ரோடும் புதுத் தெருவிளக்குகளும் வாங்கிவிட்டோம். முறைப்படி அந்தப் புகழ் எல்லாம் தலைவருக்குப் போயிற்று. மெம்பர் சார் ஸ்டூலில் உட்கார்ந்து கை தட்டுவார்.

இந்தப் பாடத்திட்டத்துக்கு அடங்காதவர் ஒரே ஒருவர், நாலாவது தெரு மேரி டீச்சர். ஒரு வருடம் மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போன நேரம் பார்த்து அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நகர்வலத்தில் வால்வெல்லாம் பார்த்தார். செய்முறைப் பயிற்சியில் மெம்பர் சார் கத்த ஆரம்பித்ததும் “மெதுவா பேசுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னார், இவர் மெதுவாகப் பேசினார். மௌனப் பாடம் வந்தபோது மட்டும் டீச்சர் நின்றுவிட்டார்.

“மெம்பர் சார், இத்தனை வருஷமா ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கறேன். என்னப் போயி வாய மூடச் சொல்றீங்களா? சரின்னா சரிம்பேன். தப்புன்னா தப்பும்பேன். தலையெல்லாம் ஆட்ட மாட்டேன்.”

மெம்பர் சார் நோட்டைத் திறந்து, டீச்சர் பெயருக்கு எதிரே ‘மௌனத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது’ என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த வருடம் டெபுடி வந்து சேர்ந்தார். ஏதோ ஓர் அரசுத் துறையில் டெபுடியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசலில் பெயருக்குக் கீழே பழைய பதவியையும், அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘ஓய்வு’ என்பதைக் கண்ணுக்குத் தெரியாத அளவிலும் பொறித்திருந்தார். காசி யாத்திரை போன சமயத்தில் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நான் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டுச் செயலாளராகத் திரும்பினேன். மேரி டீச்சர் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போய் மறுபடி மாட்டிக்கொண்டார்.

மெம்பர் சார் வழக்கம்போலத் தலைவர் வீட்டுக்கும் விடியற்காலையில் போனார். துண்டு போர்த்தினார். அது வரைக்கும் தலைவருக்குப் பிடித்திருந்தது. துண்டை உருவியது பிடிக்கவில்லை. தெருமுனையில் நிறுத்தி, “யோவ், நீயெல்லாம் ஒரு தலைவரா?” என்று செய்முறைப் பயிற்சியை ஆரம்பித்தபோது டெபுடி அப்படியே உறைந்துபோய்விட்டார். சர்வீஸில் அவரை யாரும் ‘யோவ்’ என்று சொன்னதில்லையாம். பால்காரர், பேப்பர்காரர், இரண்டு பெண்மணிகள் முன்னிலையில் சொன்னதைத்தான் அவரால் தாங்கவே முடியவில்லை. பயிற்சி என்று விளக்கிச் சொன்ன பிறகும் முகம் சரியாகவில்லை.

அந்த மாதக் கூட்டம் தொடங்கியது. டெபுடி விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

“வாசல்ல உட்கார்ந்திருக்காரே, அவர் எந்த ப்ளாட்?”

மெம்பர் சாரே எழுந்து நின்று பதில் சொன்னார். “ப்ளாட் இல்லைங்க சார். அஞ்சாவது தெருல வாடகைக்கு இருக்கேன். நாற்காலில உட்காரலைங்க. ஸ்டூல்தான்.”

“ஸ்டூலானாலும் செயற்குழு செயற்குழுதான். விதி நாலு என்ன சொல்லுது? உறுப்பினர் அல்லாதவர் இனி கூட்டத்துக்கும் வரக்கூடாது, சங்க வேலையிலயும் தலையிடக்கூடாதுன்னு தீர்மானம் போடறேன். எல்லாருக்கும் சம்மதம்தானே?”

அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பேச வேண்டும் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். ஆனால் பேசிப் பழக்கமே இல்லை. பக்கத்திலிருந்தவரின் தலை மெதுவாக இறங்கியது. எதிரே இருந்தவரின் தலையும் இறங்கியது. என் தலையும், நான் எதுவும் செய்யாமலே, இரண்டு தடவை இறங்கிப் பாதியில் நின்றது.

எல்லாருடைய தலையும் ஒரே அளவு. யாருடைய தாடையும் நெஞ்சில் இடிக்கவில்லை. ஸ்டூல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அடி வாங்கிய முகம்தான். ஆனாலும் அந்த முகத்தில், நன்றாகத் தேறிய வகுப்பைப் பார்க்கிற வாத்தியாரின் திருப்தி ஒரு விநாடி வந்துபோனதை நான் பார்த்தேன்.

“எனக்குச் சம்மதம் இல்ல” என்றார் மேரி டீச்சர். “இது தப்பு. அந்த மனுஷன் இல்லேன்னா உங்களுக்குக் குழாய் எங்கே இருக்குன்னே தெரியாது.” தீர்மானம் எட்டுக்கு ஒன்று என்று நிறைவேறியது. அதைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவர வேண்டும் என்றார் டெபுடி. அது செயலாளரின் வேலை. செயலாளர் நான்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒரு மாலை கடிதத்தை எடுத்துக்கொண்டு ஐந்தாவது தெரு மாடிப்படி ஏறினேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். கொடியில் வெள்ளை அரைக்கைச் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

“வாங்க சார். அடுத்த மீட்டிங்குக்கு ஏதாச்சும் வழி பண்ணிடுவீங்கன்னு சட்டைய ரெடி பண்ணி வச்சிருக்காரு” என்றார் அந்த அம்மா. எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

மெம்பர் சார் கடிதத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடி மாட்டி, விளக்குக்கு அடியில் போய் நின்று படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு என்னை உட்காரச் சொன்னார்.

“சார், இதுல ‘பொருள்’னு ஒரு வரி போடணும். ‘பார்வை’ன்னு தீர்மானத்தோட நம்பர் குறிப்பிடணும். அது இல்லாம அனுப்பினா நாளைக்கு யாராவது செல்லாதுன்னு சொல்லிடுவான். அப்புறம் இங்க, ‘அனுமதி மறுக்கப்படுகிறது’ன்னு எழுதியிருக்கீங்க. இது சண்டை வார்த்தை. ‘ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’னு போடுங்க. வேற யாருக்காவது இப்படி எழுத வேண்டி வந்தா கஷ்டப்படுவாங்க இல்ல?”

“சார், நான்...”

“நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க. ஆட்டச் சொன்னதே நான்தானே.”

அவரே ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல, அவரை வெளியே அனுப்பும் கடிதத்தை நான் திருத்தி எழுதினேன். ஓர் இடத்தில் என் பேனா நின்றது. “எழுதுங்க சார், நல்லா வருது” என்றார். முடித்ததும் அடியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, நகலை என்னிடம் கொடுத்தார். அந்த அம்மா கொண்டுவந்து வைத்த காபியை நான் குடித்தேனா இல்லையா என்று நினைவில்லை.

அதற்கப்புறம் அவர் ஷெட் பக்கம் வரவேயில்லை. அந்த வழியாகக்கூட நடக்கவில்லை, ஆறாவது தெருவைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். விதி என்றால் விதிதான் அவருக்கு.

அடுத்த வருடப் புது நிர்வாகிகளுக்கு வரவேற்பும் இல்லை, நகர்வலமும் இல்லை. முதல் கூட்டத்திலேயே எல்லோரும் பேசினார்கள். ஒரே நேரத்தில் பேசினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு பேர் ராஜினாமா செய்திருந்தார்கள், மாலை டிபனுக்குள் மூன்று பேர். ஏழாவது வால்வை எல்லா வால்வையும் போல வலப்பக்கம் திருப்பி உடைத்தார்கள். ஐந்தாவது தெரு முழுக்க வெள்ளம். அந்த வருடமும் தலைவராக இருந்த டெபுடியின் வீட்டு வாசலில் உண்மையான வீட்டுக்காரர்கள் கூடி, பயிற்சியில் வராத வார்த்தைகளையெல்லாம் சொன்னார்கள். பதில் சொல்லத் தெரியாமல் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மெம்பர் சார் காலில் விழுந்தாவது அழைத்து வருவோம் என்று நானும் மேரி டீச்சரும் அந்த மாடிக்குப் போனோம். பூட்டு தொங்கியது. மஸ்கட் ஓனர் ஊருக்குத் திரும்பி வருகிறாராம், போன வாரம்தான் காலி செய்துகொண்டு கோவிலம்பாக்கம் பக்கம் போனார்கள் என்று கீழ்வீட்டில் சொன்னார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. “சங்கத்துக்கு முறைப்படி லெட்டர் எழுதிக் குடுத்துட்டுத்தான போவாரு?” என்றார் டீச்சர். சங்க விஷயத்தில் இனித் தலையிட வேண்டாம் என்று அவருக்குச் சொன்ன கடிதத்தின் நகல் என் பீரோவில் இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, என் ஆபீஸ் நண்பர் கோவிலம்பாக்கத்தில் புது அடுக்குமாடியில் வீடு வாங்கினார். கிரகப்பிரவேசம் அதிகாலை முகூர்த்தம். நானும் மனைவியும் முதல் ட்ரெயின் பிடித்துப் போனோம். கீழே கார் நிறுத்தும் இடத்தில் அரை டிராயரும் லுங்கியுமாக நாலைந்து பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். எதிரே, தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, வெள்ளை அரைக்கைச் சட்டையில் அவர் நின்றிருந்தார்.

“இவர் உங்க ப்ளாக்கா?” என்று வரிசையில் கடைசியில் நின்றவரைக் கேட்டேன்.

“இல்ல சார், எதிர்த் தெருல வாடகைக்கு இருக்கார். நாங்க புது கமிட்டி. ஏன் வர்றோம்னு எங்களுக்கே தெரியல. கூப்பிட்டார், வந்துட்டோம்.”

அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துபோயிற்று. திறந்திருந்த தொட்டியை மறந்து இரண்டு எட்டு முன்னால் வந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அவர்கள் முன்னால் நிறுத்தினார்.

“எல்லாரும் சாரைப் பார்த்துக்கங்க. எங்க நகர் செக்ரட்டரி. நான்தான் ட்ரெயினிங் குடுத்தேன். இவ்வளவு பெரிய சங்கத்தை எப்படி நடத்தறாரு தெரியுமா? லெட்டர் எழுதறதுல சாரை அடிச்சிக்க ஆள் கிடையாது. அப்படி எழுதுவார்!”

நான் எழுதி அவர் பார்த்த கடிதம் ஒன்றே ஒன்றுதான். அதைத் தவிர என் எழுத்தை அவர் பார்த்ததே இல்லை. முகத்தைப் பார்த்தேன். குத்திக் காட்டுகிற மனுஷர் இல்லை அவர். நிஜமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சார், உங்க நகருக்கு வந்துடுங்க. நீங்க இல்லாம நல்லாவே இல்ல” என்றேன்.

“வரேன் சார், கட்டாயம் வரேன். இவங்களுக்கு இன்னும் மோட்டார் ரூம் பாக்கி இருக்கு” என்றார்.

மேலே நண்பர் வீட்டில் பால் பொங்கி, எங்களைக் காணோமே என்று இரண்டு முறை ஆள் அனுப்பித் தேடினார்கள். என் மனைவி மட்டும் போய் நின்றாள். நான் அவர் கையை விடவில்லை. மோட்டார் ரூம் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.